"திருத்திய பதிப்பு" என்று அட்டையில் போட்டார்கள், உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை

தண்டையார்பேட்டை வாத்தியார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2009-ல் வடசென்னையின் மில்கள், துறைமுகம், அவற்றை ஒட்டி வளர்ந்த பேட்டைகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் நடையாய் நடந்து, பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுப் பக்கம் பழைய மில் தொழிலாளர் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, பத்து வருட வேலை. மண்ணடியில் இருக்கும் ஒரு பதிப்பகம் போட்டது. பெயர் வேண்டாம். மூன்று இடத்தில் திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியை வாங்கிப் போட்டவர்கள் அவர்கள்தான், அந்த நன்றி இன்னும் இருக்கிறது. இருந்தாலும் வயிறு எரிகிறது.

முதலில் ஆயிரம் படி. 2013-ல் மறு அச்சு ஐந்நூறு. அதற்குள் பிழைகள் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டன. ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856, புத்தகத்தில் 1865. எண் இடம் மாறியதில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஒன்பது வருடம் லேட். இதையாவது அச்சுக் கோர்த்தவர் தலையில் கட்டலாம். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர் திரு.வி.க. என்று எழுதியது நானேதான். 1918 ஏப்ரல் 27-ல் சங்கம் தொடங்கியபோது தலைவர் பி.பி. வாடியா, திரு.வி.க. துணைத் தலைவர். என் மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். கறுப்பர் பட்டணம் ஜார்ஜ் டவுன் ஆனதை 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியபோது என்று போட்டிருந்தேன், அவர் இளவரசராக வந்த 1906 என்று மாற்ற வேண்டும். 1914-ல் சென்னை மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன் விஷயத்திலும் ஒரு திருத்தம் உண்டு. அப்புறம் பட விளக்கங்களில் சில சின்ன மாற்றங்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் 163 திருத்தம்.

2013-ல் கொடுத்தேன். "அச்சுக்குப் போய்விட்டது சார், அடுத்த தடவை." 2016-ல் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. 2019 ஜனவரியில் புத்தகக் கண்காட்சியிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, சார் உங்கள் புத்தகம் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, வாழ்த்துகள் என்றான். எனக்கே தெரியாது. நந்தனம் போய்க் காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். அட்டையில் சிவப்புப் பட்டையில் "திருத்திய பதிப்பு". உள்ளே 1865 அப்படியே. திரு.வி.க. அப்படியே. 180 ரூபாயாக இருந்த விலை மட்டும் 320 ஆகத் திருந்தியிருந்தது.

இந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டி இரண்டு ஆய்வேடுகள் வந்துவிட்டன. இரண்டிலும் 1865. அதுவும் "திருத்திய பதிப்பு, 2019" என்று அடிக்குறிப்போடு.

இப்போது வரும் ஜனவரிக்கு மறுபடி அடிக்கப் போகிறார்களாம். நான் என்ன செய்யலாம்?

பாரம்16:

சார், நான் எதிர்க்கட்சி. சின்னப் பதிப்பாளன். அவர்கள் செய்தது பொய்தான், அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

163 திருத்தத்தில் 150 வரிக்குள்ளேயே முடிகிற வேலையாக இருக்கும். 1865-ஐ 1856 ஆக்க யாருக்கும் செலவில்லை. மிச்சம் 13 தான் ஆளைக் கொல்லும். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி கூட்டினால் அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் நகரும். படங்கள் இடம் மாறும். பின்னால் சொல்லடைவு (இண்டெக்ஸ்) போட்டிருந்தால் (வரலாற்றுப் புத்தகம், போட்டிருப்பீர்கள்) அது மொத்தமும் குப்பை, மறுபடி முதலிலிருந்து. பதினாறு பக்கம் ஒரு பாரம். கடைசியில் இரண்டு பக்கம் வழிந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு அரைப் பாரம் ஓட்டணும்.

வரவு என்ன? திருத்திய பதிப்புக்கு அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணை கிடைக்காது, அவர்கள் கேட்பது அந்தந்த வருடம் முதற்பதிப்பாக வந்த புத்தகம். விமர்சனம் வராது, பழைய புத்தகம் என்பார்கள். குடோனில் பழைய கட்டு இருநூறு கிடந்தால் புதுசு வந்த அன்றே அது எடைக்குத்தான். ஆக, ஒரு சிவப்புப் பட்டை போட்டால் ஏற்கெனவே வாங்கியவரும் இன்னொன்று வாங்குவார் என்று யாரோ ஒரு மேனேஜர் யோசித்திருப்பார். இது எங்கள் தொழிலில் புதிது இல்லை. தலைப்பையே மாற்றி முதற்பதிப்பு என்று போடுகிறவர்களும் உண்டு.

மெய்ப்புக்காரி:

பாரம்16 அண்ணா சொல்லாத ஒன்று. ஃபைலே இருக்காது. 2009 புத்தகம் என்றால் பேஜ்மேக்கர், ஸ்ரீலிபியோ டாமோ ஏதோ ஒரு பழைய எழுத்துரு. அந்தக் கம்ப்யூட்டர் செத்து, அதில் வேலை செய்த பெண் கல்யாணமாகிப் போய், சிடி எங்கேயோ. கையில் இருப்பது அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும். அதில் ஒரு கமா மாற்ற முடியாது. "அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பதற்குப் பாதி இடத்தில் அர்த்தம் இதுதான், சொல்ல வெட்கப்படுவார்கள்.

ஃபைல் கிடைத்தாலும் யூனிகோடுக்கு மாற்றும்போது கெளரவம் என்று ஔகாரக் குறிக்குப் பதில் "ள" வந்து உட்காரும், "ர" வர வேண்டிய இடத்தில் கால் வரும், தேடல் போட்டால் ஒன்றும் கிடைக்காது. சார், உங்கள் 163 போக இன்னொரு 300 பிழை இலவசமாகக் கிடைக்கும். முழுசாக மெய்ப்பு (ப்ரூஃப்) பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். (என்னிடம் வாருங்கள் என்று சொல்லவில்லை. சொன்னாலும் தப்பில்லை.)

வழக்காடாதவன்:

ஒப்பந்தம் இருக்கிறதா சார்? அதைச் சொல்லாமல் இத்தனை பேரும் பேசுகிறீர்களே.

1957 பதிப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கொடுத்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும். முழு உரிமையைக் கொடுக்காமல் அச்சிட அனுமதி மட்டும் கொடுத்திருந்தாலும் 30அ பிரிவு வழியாக இதே விதிகள் பொருந்தும். தமிழ்ப் பதிப்புலகில் பாதிப் பேரிடம் ஒப்பந்தமே கிடையாது, மீதிப் பேரிடம் இருப்பதில் வருடம் கிடையாது. எல்லோரும் ஆயுசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள்.

57-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி செய்தால் தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். ஆனால் கவனியுங்கள், "என் பிழையைத் திருத்திப் போடு" என்று பதிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் உரிமை எதையும் அந்தப் பிரிவு தரவில்லை. அதை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வாத்தியார்:

பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, மனைவியிடம் திட்டு வாங்கி, தேடி எடுத்தேன். ஒரே ஒரு கடிதம். பதிப்பகத் தாளில் டைப் அடித்தது, கீழே இருவர் கையெழுத்து. "முதற்பதிப்பு 1000 படிகள், விற்பனையில் 10 விழுக்காடு ராயல்டி, அடுத்தடுத்த பதிப்புகள் ஆசிரியரைக் கலந்து வெளியிடப்படும்." வருடம் எதுவும் இல்லை. 2009 ஆகஸ்ட்.

வழக்காடாதவன்:

2014 ஆகஸ்டில் முடிந்துவிட்டது சார். "கலந்து" என்ற வார்த்தை வேறு இருக்கிறது. 2019-ல் அடித்ததற்கு அவர்கள்தான் உங்களிடம் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து வையுங்கள், மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மண்ணடி போகாதீர்கள்.

கல்மண்டபம்:

எம்டன் விஷயத்தில் என்ன திருத்தம்? செண்பகராமன் பிள்ளையை எடுத்துவிடப் போகிறீர்களா? என் தாத்தா காலத்திலிருந்து சொல்லும் கதை அது. அவர் கப்பலில் இருந்ததால்தான் குண்டு ஊர் மேல் விழாமல் பார்த்துக்கொண்டார் என்பார்கள்.

தண்டையார்பேட்டை வாத்தியார்:

எனக்கும் என் தாத்தா சொன்னதுதான் ஐயா. அதனால்தான் விசாரிக்காமல் எழுதினேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்தது, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் எரிந்தது, உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு பட்டது, எல்லாம் சரி. அங்கே கல்வெட்டே இருக்கிறது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். ஆனால் செண்பகராமன் பிள்ளை அந்த வருடம் சூரிச்சில் இந்திய விடுதலைக்கு ஒரு கமிட்டி தொடங்கிவிட்டு அங்கிருந்து பெர்லின் போனவர். கப்பல் அதற்குள் இந்துமகா சமுத்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் கப்பலில் இருந்ததற்குச் சான்று ஒன்றும் இல்லை.

எடுக்கப் போவதில்லை. "வந்தார்" என்பதை "வந்ததாக இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள்" என்று மாற்றுகிறேன், அவ்வளவுதான். இதற்கே பதிப்பகத்தில் ஒருவர், அந்த ஒரு பக்கத்தைத்தான் சார் எல்லோரும் ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள், அதில் கை வைக்காதீர்கள் என்றார்.

கல்மண்டபம்:

சொல்கிறார்கள் என்று போட்டால் பொய் என்றுதானே அர்த்தம். எம்டன் மாதிரி நழுவுகிறீர்கள்.

மெய்ப்புக்காரி:

கப்பல் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

நூலகர் (ஓய்வு):

ஒரு சின்னத் தகவல். புத்தகம் வெளியிட்டால் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் ஒரு படி அனுப்ப வேண்டும் என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. அதில் ஒரு விலக்கும் உண்டு. முந்தைய பதிப்பைக் கொடுத்திருந்து, புதியதில் கூட்டல் மாற்றல் எதுவும் இல்லை என்றால் மறுபடி அனுப்ப வேண்டாம்.

வாத்தியார் தனிமடலில் தலைப்பைச் சொன்னார், நேற்றுப் போய்ப் பார்த்தேன். 2009 படி இருக்கிறது. 2019 இல்லை. சட்டத்துக்கு மறு அச்சு, வாசகருக்குத் திருத்திய பதிப்பு! ஐஎஸ்பிஎன் எண்ணும் பழையதேதான். உண்மையிலேயே திருத்தியிருந்தால் புது எண் வாங்கியிருக்க வேண்டும். அதற்குக் காசு கூடக் கிடையாது, நம் நாட்டில் இலவசம்.

ஓட்டேரிப் பேரன்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் இருக்கிறது.

சார், முதல் பதிவில் "பட விளக்கங்களில் சில சின்ன மாற்றங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 112-ஆம் பக்கம் சின்ன மாற்றமா?

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 112-ல் மில் வாசலில் ஒன்பது பேர் இருக்கும் படம். கீழே, "1921 வேலைநிறுத்தத்தின்போது கருங்காலிகளாக வேலைக்குச் சென்றோர்". இடமிருந்து நான்காவது என் தாத்தா. அவர் மில்லில் சேர்ந்தது 1926. சர்வீஸ் சர்ட்டிபிகேட் என்னிடம் இருக்கிறது. 1921-ல் அவருக்குப் பதினோரு வயது. அது நெசவுப் பகுதியில் ஒரு மேஸ்திரி ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம், நடுவில் ஒருவர் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கருங்காலிக்கு யார் சார் மாலை போட்டு நாற்காலி போட்டார்கள்?

1921-ல் எங்கள் சேரி ஆட்கள் வேலைக்குத் திரும்பியது உண்மை. அதற்காகப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் உண்மை. ஏன் திரும்பினார்கள், யார் பேச்சைக் கேட்டார்கள், சங்கம் அவர்களை எப்படி நடத்தியது என்று உங்கள் புத்தகம் நான்கு பக்கம் நியாயமாகப் பேசுகிறது. அதை அப்படி எழுதிய வேறு தமிழ்ப் புத்தகம் என் கையில் கிடைத்ததில்லை. அதற்கு நன்றி சொல்லித்தான் 2011-ல் உங்களுக்குக் கடிதம் எழுதினேன், கூடவே படத்தைப் பற்றியும். "அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன்" என்று கார்டு போட்டீர்கள். என் அப்பா 2017-ல் இறந்தார். அந்தப் பக்கத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வைத்திருந்தார், வீட்டுக்கு வருகிறவர்கள் புரட்டிவிடக் கூடாது என்று.

பாரம்16:

இதைப் படித்த பிறகு பாரம், அடைவு என்று நான் கணக்குச் சொன்னது ஒரு மாதிரி இருக்கிறது.

தண்டையார்பேட்டை வாத்தியார்:

தம்பி, உங்கள் கடிதம் என் நோட்டிலேயே ஒட்டியிருக்கிறது. திருத்தம் எண் 97. "ப. 112, பட விளக்கம் மாற்றம்." அவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். படத்தைக் கொடுத்தவர் பட்டாளம் பகுதியில் குடியிருந்த ஒருவர், அவர் வீட்டில் மாட்டியிருந்தது. பின்னால் பென்சிலில் "21" என்று எழுதியிருந்தது. நான் அதை வருடம் என்று எடுத்துக்கொண்டேன். அது ஆல்பத்தில் படத்தின் வரிசை எண்ணாக இருக்கலாம், ஷெட் எண்ணாக இருக்கலாம். 1921-க்குப் படம் எதுவும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன், கிடைத்ததும் கண் மறைத்துவிட்டது. மாலை எனக்குத் தெரியவே இல்லை. இப்போது பார்த்தால் அது மட்டும்தான் தெரிகிறது.

புது விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன்: "மில் தொழிலாளர் குழு, 1920-களின் பிற்பகுதி." அடுத்த பதிப்பில் இது போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஓட்டேரிப் பேரன்:

முடியாது சார். பழைய படி ஆயிரத்து ஐந்நூறு ஊரில் இருக்கிறது. அப்புறம் 2019 கட்டு. புதிய படியில் விளக்கம் மாறியிருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வான்? ஏதோ அழுத்தம் வந்து வாத்தியார் "கருங்காலி"யை எடுத்துவிட்டார் என்றுதான் நினைப்பான். எங்கள் ஆட்கள் சண்டை போட்டு எடுக்க வைத்தார்கள் என்றும் சொல்வான். முன்னால் இப்படிப் போட்டேன், அது தப்பு, இன்ன காரணம் என்று நீங்களே எழுத வேண்டும். அவர்கள் திருத்தாமலே திருத்தியதாகப் போட்டார்கள், நீங்கள் திருத்திவிட்டுச் சொல்லாமல் விடப் பார்க்கிறீர்கள்.

நூலகர் (ஓய்வு):

தம்பி சொல்வது பெரிய விஷயம். கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-ல் முதல் பதிப்பு (நம் ராயபுரம் ஸ்டேஷன் வருடம்). 1875-ல் அவரே திருத்தி விரித்து இரண்டாவது. மூன்றாவது 1913-ல், அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, வேறு இருவர் கை வைத்தது. அதில் பறையர் திராவிடரா என்று அவர் வாதம் செய்த பின்னிணைப்பு உட்படச் சில பகுதிகள் போய்விட்டன. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு மேற்கோள் காட்டியது அந்த மூன்றாவதை. 2008-ல்தான் 1875 பதிப்பை முழுசாக மறுபடி அச்சிட்டார்கள். போட்டது யார்? நம் திருவொற்றியூரில் உட்கார்ந்து சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்த கவிதாசரண். பல்கலைக்கழகம் இல்லை.

மறுபக்கம் உ.வே.சா. சீவக சிந்தாமணி 1887-ல் வந்தது, 1907-ல் மறுபடி, 1922-ல் மறுபடி. புதிதாகச் சுவடி கிடைக்கக் கிடைக்கத் திருத்திக்கொண்டே போனார். முன்னால் இவ்வளவுதான் தெரிந்தது என்று சொல்வதால் அவருக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை 1935-ல் முதல் பாகம் கொண்டு வந்து, இருபது வருடம் கழித்து 1955-ல் திருத்தி எழுதினார். இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் எங்கே மனம் மாறினார் என்று படிப்பதே ஒரு படிப்பு.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் கடைசித் தாளில் "பிழையும் திருத்தமும்" என்று பக்கம், வரி போட்டு ஒரு பட்டியல் இருக்கும். கொண்டித்தோப்புப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை நான் இதில் சேர்க்கவில்லை, அங்கே பிழைதான் புத்தகமே. ஆனால் மற்றவர்கள் வெட்கப்படாமல் போட்டார்கள்.

தண்டையார்பேட்டை வாத்தியார்:

தம்பி, நீங்கள் சொன்னது இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எழுதுகிறேன். முன்னுரையிலேயே.

தண்டையார்பேட்டை வாத்தியார்:

மண்ணடி போய் வந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது ஸ்டாப், இத்தனை நாள் போகாததற்குத் தூரம் காரணம் இல்லை என்று புரிந்தது.

என்னோடு பழகிய பெரியவர் இப்போது வருவதில்லை, மகன்தான் பார்க்கிறார். கடிதத்தின் நகலை மேஜை மேல் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை, டீ சொன்னார். "அந்தப் பட்டையை டிசைனர் போட்டுவிட்டான் சார்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நான்தான் போடச் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகப் போனது.

மெய்ப்புக்காரி சொன்னது அச்சு அசல். ஃபைல் இல்லை. பிடிஎஃப்தான். 2019 கட்டில் எத்தனை மிச்சம் என்று கேட்டேன். வியாசர்பாடி குடோனில் கீழ் அடுக்கில் இருந்ததெல்லாம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போய்விட்டது, மேல் அடுக்கில் 210 காய்ந்து கிடக்கிறது.

112-ஆம் பக்கத்தைத் திறந்து தம்பி எழுதியதைச் சொன்னேன். ஸ்டேப்ளர் பின் வரைக்கும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மாலை தெரிகிறதே சார் என்றார்.

ஒத்துக்கொண்டது: ஜனவரிக்கு அடிக்க மாட்டார்கள். இருக்கும் 210 படியிலும் ஒரு தாள் ஒட்டுவோம், முக்கியமான 22 திருத்தம், 112-க்குத் தனியாக ஒரு பத்தி என் பெயரோடு. அட்டைப் பட்டை மேல் ஸ்டிக்கர். 2014-க்குப் பிறகு உரிமை என்னிடம்தான் என்று ஒரு கடிதம், கையெழுத்தோடு கொடுத்துவிட்டார். ஒத்துக்கொள்ளாதது: முழுசாக மறுபடி டைப் செய்ய யார் செலவு என்பது. பாதிப் பாதி என்கிறார். அப்புறம் புதுத் தலைப்பில் போட்டால் முதற்பதிப்பு என்று நூலகத்துக்கு அனுப்பலாம் என்று அவரும் ஆரம்பித்தார். பாரம்16, நீங்கள் சொன்னபோதே சிரித்திருந்தேன், அதனால் கோபம் வரவில்லை. முடியாது என்றேன். 2019-க்கு ராயல்டி பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வழக்காடாதவன்:

அதைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்!

பாரம்16:

பாதிச் செலவு என்பது கெட்ட பேரம் இல்லை. ஆனால் புதிய ஃபைல் யாருடையது என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து இதே இழையை மறுபடி ஆரம்பிப்பீர்கள். யூனிகோடில் ஒரு பிரதி உங்கள் பென்டிரைவில் இருக்கட்டும்.

மெய்ப்புக்காரி:

டைப் செய்ய எனக்குத் தெரிந்த பெண் மூலக்கொத்தளத்தில் இருக்கிறாள். மெய்ப்பு நான் பார்க்கிறேன், சொல்லடைவு மட்டும் சம்பளத்துக்கு.

ஓட்டேரிப் பேரன்:

நேற்று தாள் ஒட்டினோம். பைண்டிங் கடையில் வாத்தியார், நான், கடைப் பையன் ஒருவன், பதிப்பக மகன் அரை மணி நேரம் (அப்புறம் போன் வந்தது என்று போய்விட்டார்). 210 என்றார்கள், எண்ணியதில் 204 இருந்தது. மைதாப் பசை, கை இன்னும் பிசுபிசுக்கிறது. தாள் 112-க்கு எதிர்ப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒட்டச் சொன்னேன், கடைசியில் வேண்டாம் என்று. கடைசித் தாளை யாரும் பார்ப்பதில்லை.

என் வீட்டுப் படியைக் கொண்டு போயிருந்தேன். அப்பா அடித்த பின்னை வாத்தியார்தான் எடுத்தார், துரு பிடித்திருந்ததால் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அதில் தாள் ஒட்ட வேண்டாம் என்றேன். அவர் பேனா எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் எழுத ஆரம்பித்தார். நான் சொல்லச் சொல்ல ஏழு பேர் ஆயிற்று. இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, கடைசி வரிசையில் ஒருவர், வலது ஓரத்தில் குடை வைத்துக்கொண்டு ஒருவர். படத்தை இங்கே போடுகிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கல்மண்டபம்:

குடைக்காரரைத் தெரியும் போல இருக்கிறது. பட்டாளத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இதே படம் மாட்டியிருந்த ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். "என்று சொல்கிறார்கள்" என்று போட்டுவிடாதீர்கள் சார், சான்றோடு வருகிறேன்.